தூக்கினால் உடையாத விண்கலம்

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கையேட்டைப் பார்த்துப் பல லெகோ பொம்மைக் கட்டைப் பெட்டிகளைக் கட்டியிருக்கிறீர்கள். இப்போது மகளோடு சேர்ந்து, கையேடு இல்லாமல், அரை மீட்டர் நீளத்தில் சொந்தமாக ஒரு விண்கலம் கட்டப் பார்த்தீர்கள். இரண்டு முறையும் அது இறக்கை ஒட்டிய தீப்பெட்டி போல வந்தது; தூக்கியதும் நடுவில் இரண்டாகப் பிளந்தது. இனி எந்தப் பாகங்களை வாங்க வேண்டும், முதலில் கணினியில் வரைந்துகொள்ள வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி இரண்டுக்கும் பதில் சொல்கிறேன், ஆனால் உங்களை உறுத்துவது முதல் இரண்டும்தான்: ஏன் பெட்டியாக வருகிறது, ஏன் பிளக்கிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. நீங்கள் விண்கலத்தை வீடு கட்டுவதுபோலக் கட்டியிருக்கிறீர்கள்.

நான் இருபது ஆண்டுகளாகப் பிளாஸ்டிக் பொருள்களுக்கு வார்ப்பு அச்சு வடிவமைக்கும் வேலையில் இருக்கிறேன். லெகோ கட்டை அடுக்குவது பதினான்கு ஆண்டுப் பழக்கம். அதில் பாதிக்கு மேல் விண்கலங்கள். அளவுகள் பற்றி நான் சொல்வதை வெர்னியர் வைத்து நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம். அழகு பற்றி நான் சொல்வது என் ரசனை. ஒத்துக்கொள்ள வேண்டும் என்று கட்டாயமில்லை. ஒரு சொல் விளக்கம்: கட்டையின் மேல் இருக்கும் ஸ்டட்டைக் குமிழ் என்றும், மெல்லிய பிளேட்டைத் தகடு என்றும் எழுதுகிறேன்.

வீடு தரையில் உட்கார்ந்திருக்கும். ஒரு வரிசைமேல் இன்னொரு வரிசை வைத்தால் பாரம் நேராகக் கீழே இறங்கும். கட்டைகள் ஒன்றையொன்று அமுக்கும். எதுவும் கழன்று வராது. லெகோ கட்டை பிறந்ததும் அதற்குத்தான். உள்ளே குழாய் வைத்த இன்றைய கட்டைக்கு டென்மார்க்கின் பில்லுண்டிலிருந்து காப்புரிமை விண்ணப்பம் போனது 1958 ஜனவரி 28 அன்று. அந்தக் குழாய்தான் குமிழைக் கவ்விப் பிடிக்கிறது. விண்கலமோ தூக்குவதற்கென்றே பிறந்தது. பார்க்க வரும் எந்தக் குழந்தையும் அதைத் தூக்கி, வாயால் ஓசை எழுப்பி, ஒரு வட்டம் பறக்கவிடாமல் போகாது. பெரியவர்கள் மட்டும் என்ன? அதனால் முதல் கட்டையை வைக்கும் முன் மகளிடம் கேளுங்கள்: இதை எங்கே பிடித்துப் பறக்கவிடுவாய்? அவள் கைகாட்டும் இடத்திலிருந்துதான் கட்டத் தொடங்க வேண்டும். மூக்கிலிருந்தும் அல்ல, தரைத்தளத்திலிருந்தும் அல்ல.

கை நடுவில், அடிப்பக்கமாகப் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூக்கும் வாலும் இரண்டு பக்கமும் கீழே தொங்கப் பார்க்கும். அப்போது கலத்தின் மேல்பக்கம் இழுபடும், அடிப்பக்கம் அமுங்கும். பிளவு மேல்பக்கத்தில்தான் தொடங்கும். இதே கலத்தை இரண்டு முனையிலும் தாங்கு வைத்து அலமாரியில் நிறுத்தினால் எல்லாம் தலைகீழ்: அடிப்பக்கம் பிளக்கும். உங்கள் கலம் எந்தப் பக்கம் வாயைத் திறந்தது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். மேலே என்றுதான் சொல்வீர்கள் என்று நினைக்கிறேன். அடியில் ஒரு பெரிய தகட்டைப் போட்டு அதன்மேல் கட்டுவது எல்லோரும் செய்வது. மேலே கட்டைக்குக் கட்டை ஒட்டி நிற்கும். அவற்றைச் சேர்த்துப் பிடிக்க எதுவும் இருக்காது. கையில் பிடிக்கும் பொருளுக்கு மேலேயும் நீளத் தகடுகள் வேண்டும். அடியில் தகடு, நடுவில் கட்டை, மேலே தகடு. இணைப்புக்கு மேல் இணைப்பு வரக்கூடாது என்று கொத்தனார் சொல்வாரே, அது இங்கேயும் பொருந்தும்.

இரண்டு கட்டைகளை மேல்நோக்கி இழுத்துப் பிரிப்பது எளிது. பக்கவாட்டில் தள்ளி வழுக்க வைப்பது ஏறக்குறைய முடியாது. குமிழின் பலம் அங்கேதான் இருக்கிறது. இன்னொன்று, ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலைப் படுக்க வைத்து வளைத்தால் வளையும். அதே ஸ்கேலைச் செங்குத்தாக நிமிர்த்திப் பிடித்து வளைத்துப் பாருங்கள், அசையாது. உத்தரத்தின் விறைப்பு அதன் அகலத்துக்கு நேர் விகிதத்தில் கூடும், உயரத்தோடு மும்மடிக் கணக்கில் கூடும். ஆகவே முதுகெலும்பை அகலமாகப் போடாதீர்கள், உயரமாகப் போடுங்கள். எட்டுக் குமிழ் அகலத்தில் ஒற்றைத் தகட்டுத் தளத்தைவிட, இரண்டு குமிழ் அகலத்தில் மூன்று கட்டை உயர உத்தரம் பல மடங்கு உறுதி.

முதுகெலும்புக்கு டெக்னிக் கட்டைகளைச் சொல்வேன். பக்கவாட்டில் துளை உள்ளவை. இவற்றில் மிக நீளமானது 16 குமிழும் 15 துளையும் கொண்டது. ஒரு குமிழுக்கும் அடுத்த குமிழுக்கும் 8 மில்லிமீட்டர் என்பதால் அது 12.8 சென்டிமீட்டர். அரை மீட்டருக்கு ஒரு வரிசையில் இப்படி நான்கு வேண்டும். இரண்டு வரிசையாக, இணைப்புகள் முன்பின் தள்ளி வரும்படி. இப்போது ஒரு சின்னக் கணக்கு, இந்தப் பொழுதுபோக்கில் இதைவிட எனக்குப் பயன்பட்டது வேறு இல்லை. கட்டையின் உயரம் 9.6 மி.மீ., தகட்டின் உயரம் அதில் மூன்றில் ஒன்று, 3.2 மி.மீ. ஒரு டெக்னிக் கட்டை, அதன்மேல் இரண்டு தகடு, அதன்மேல் இன்னொரு டெக்னிக் கட்டை வையுங்கள். கீழ்த் துளைக்கும் மேல் துளைக்கும் இடைவெளி 9.6, 6.4, மொத்தம் 16 மி.மீ. அதாவது சரியாக இரண்டு குமிழ் தூரம். துளையுள்ள ஒரு சட்டத்தைச் செங்குத்தாக வைத்து மேலும் கீழும் பின் (துளைகளை இணைக்கும் சின்ன ஆணி) செருகினால் அடுக்கு முழுவதும் பூட்டிக்கொள்ளும். குமிழ்களே இல்லாவிட்டாலும் பிரியாது. பின்களில் கறுப்பை எடுங்கள், அதில் உராய்வு உண்டு. வெளிர் சாம்பல் நிறப் பின் சும்மா சுழலும்.

இதை நான் கற்றது ஒரு பஸ்ஸில். என் மூன்றாவது கலம், 70 சென்டிமீட்டர். ஒரு கண்காட்சிக்கு மடியில் வைத்துக்கொண்டு போனேன். முதல் வேகத்தடையில் மூக்கு போனது. இரண்டாவதில் வால். கீழே குனிந்து பொறுக்கும்போது பக்கத்து இருக்கைப் பெரியவர் தம் செருப்புக்கு அடியிலிருந்து ஒரு கண்ணாடிப் பாகத்தை எடுத்துக் கொடுத்து, "இன்னும் எத்தனை இருக்கிறது தம்பி?" என்றார். அதற்குப் பிறகு மூக்கு, நடு உடல், எஞ்சின், இரண்டு இறக்கை எனத் தனித்தனிப் பகுதிகளாகத்தான் கட்டுகிறேன். ஒவ்வொன்றும் முதுகெலும்பில் இரண்டு பின்னும் ஓர் அச்சுத் தண்டும் கொண்டு மாட்டும். அவிழ்த்துத் துணி சுற்றிப் பெட்டியில் வைத்தால் எங்கும் கொண்டு போகலாம். உங்களுக்குப் பயணத் திட்டம் இல்லையென்றாலும் இப்படியே செய்யுங்கள்; மூக்கு பிடிக்காவிட்டால் மூக்கை மட்டும் மாற்றலாம்.

இனிப் பெட்டி வடிவத்துக்கு வருவோம். குமிழ்கள் எல்லாம் வானத்தைப் பார்த்தபடி அடுக்கினால், பக்கச் சுவர் கட்டைகளின் வெறும் முகமாகத்தான் இருக்கும். வடிவம் படிக்கட்டாகத்தான் ஏறும். அனுபவமுள்ளவர்கள் கட்டைகளைப் பக்கவாட்டில் திருப்புகிறார்கள். ஆங்கிலத்தில் குமிழ் மேலே இல்லை என்ற பொருள் தரும் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து இதை ஸ்நாட் என்பார்கள். நடுவில் முதுகெலும்பு, அதன் இரு பக்கமும் வெளியே நீட்டிய குமிழ்கள், அவற்றின்மேல் தோல் போல மாட்டும் தகடுகளும் சாய்வுக் கட்டைகளும். சுவர் கட்டுவதை விட்டுவிட்டு எலும்புக்கூட்டுக்குத் தோல் போர்த்தத் தொடங்குகிறீர்கள்.

திருப்பினால் அளவு பொருந்த வேண்டுமே? அங்கேதான் பலர் கைவிடுகிறார்கள். ஐந்து தகடு உயரம் 16 மி.மீ.; இரண்டு குமிழ் அகலமும் 16 மி.மீ. இந்த ஐந்துக்கு இரண்டு என்ற விகிதத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். ஓர் எடுத்துக்காட்டு. உங்கள் முதுகெலும்பு இரண்டு குமிழ் அகலம். மொத்த உடல் நான்கு குமிழ் அகலம் வர வேண்டும், அதாவது 32 மி.மீ. மீதி 16, பக்கத்துக்கு 8. பக்கவாட்டில் குமிழ் உள்ள கட்டையை வைத்து அதன்மேல் தகடுகளை மாட்டினால் 8 மில்லிமீட்டருக்கு இரண்டரைத் தகடு வேண்டும். அரைத் தகடு என்று ஒன்று கிடையாது. இரண்டு வைத்தால் பள்ளம், மூன்று வைத்தால் மேடு. அந்தக் கட்டைக்குப் பதிலாக எல் வடிவ பிராக்கெட்டை வையுங்கள். அதன் தொங்கும் பக்கத்தின் தடிமன் 1.6 மி.மீ., சரியாக அரைத் தகடு. பிராக்கெட், ஒரு தகடு, ஒரு டைல் (மேலே குமிழ் இல்லாத தகடு): 1.6, 3.2, 3.2, கூட்டினால் 8. மேலே இருக்கும் நான்கு குமிழ்த் தளத்தின் விளிம்போடு டைலின் முகம் ஒரே கோட்டில் வந்து நிற்கும். விரலால் தடவிப் பாருங்கள், இணைப்பு தட்டுப்படாது. முதல்முறை அது சரியாக வந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஓர் எச்சரிக்கை. இரண்டு குமிழ் அகலக் கட்டையை வெர்னியரில் அளந்தால் 16 காட்டாது, 15.8 தான் காட்டும். பக்கத்துப் பக்கத்துக் கட்டைகள் உரசாமல் இருக்க முகத்துக்கு 0.1 மி.மீ. குறைத்தே வார்க்கிறார்கள். உயரத்தில் அந்தக் குறைப்பு கிடையாது. பத்துத் தகடு அடுக்கினால் 32 மி.மீ. முழுதாக இருக்கும். அதனால் இரண்டு சுவர்களுக்கு நடுவே பக்கவாட்டு அடுக்கை அடைக்கும்போது சில இடங்களில் இறுக்கம் தெரியும். இரண்டு பக்கமும் அடைபட்ட இடத்தில் திணிக்காதீர்கள். ஒரு பக்கம் திறந்திருக்கட்டும்.

சாய்ந்த கோடுகள்தான் கலத்துக்கு வேகம் தருகின்றன. எளிய வழி ஆப்பு வடிவத் தகடுகள். இறக்கை போல ஒரு பக்கம் சரிந்தவை. இடது வலது என்று இரண்டு வகை உண்டு, வாங்கும்போது மறந்து ஒரே பக்கத்தில் இருபது வாங்கியவன் நான். இதைவிட நல்ல வழி, தட்டையாக ஒரு பலகையைக் கட்டி அதைக் கீலிலோ, கிளிப்பும் கம்பியும் கொண்டோ உடலோடு சாய்த்து மாட்டுவது. சாய்வு எந்தக் கோணமாகவும் இருக்கலாம் என்றால் ஒரு முனைதான் பிடிக்கும், ஆடும். இரண்டு முனையும் பூட்ட வேண்டுமென்றால் பள்ளியில் படித்த மூன்று, நான்கு, ஐந்து முக்கோணம் கைகொடுக்கும். டெக்னிக் சட்டத்தில் எண்ண வேண்டியது துளைகளுக்கு இடையிலான தூரம், ஆகவே நான்கு, ஐந்து, ஆறு துளைச் சட்டங்களை எடுக்க வேண்டும். அந்த மூன்றையும் பின்களால் இணைத்தால் செங்கோணம் எந்த வலியும் இல்லாமல் வந்து நிற்கும். சாய்ந்த பலகைக்கும் உடலுக்கும் நடுவில் ஓர் இடுக்கு விழத்தான் செய்யும். மூட முயலாதீர்கள், உள்ளே அடர் சாம்பல் பாகங்களை வைத்தால் அது நிழலாகிவிடும்.

எவ்வளவு பெரிதாகக் கட்டுவது என்பதிலும் ஒரு சொல். லெகோவின் விண்வெளி வரிசை 1978இல் வந்தது. அதன் தலைக்கலமான கேலக்ஸி எக்ஸ்புளோரர், ஐரோப்பாவில் 928, அமெரிக்காவில் 497 என்ற பெட்டி எண்ணில் விற்றது, 338 பாகங்கள்தான்: நீல இறக்கை, சாம்பல் உடல், மஞ்சள் கண்ணாடி. நிறுவனத்தின் 90ஆம் ஆண்டையொட்டி 2022இல் அதையே ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பெரிதாக்கி மறுபடி வெளியிட்டார்கள், பாகங்கள் 1,254. ஒன்றரையின் மும்மடி 3.375, 338ஐ அதனால் பெருக்கினால் 1,141. கிட்டத்தட்ட அங்கேதான் போய் நிற்கிறது. பாக எண்ணிக்கை கனஅளவோடு அப்படியே ஓடாது, உள்ளே கூடாக இருந்தால் குறையும், பொடிப் பாகங்கள் கூடினால் ஏறும். மதிப்பீட்டுக்கு இந்தக் கணக்கு போதும். நீளத்தை இரட்டிப்பாக்கினால் பாகமும் எடையும் எட்டு மடங்கை நோக்கி நகரும். அரை மீட்டர் கலம் முதல் முயற்சிக்குப் பெரிது. முதலில் 25 சென்டிமீட்டரில் ஒன்றைக் கட்டுங்கள். உங்கள் மகள் ஒத்துக்கொள்ள மாட்டாள் என்று தெரியும்.

வடிவத்தை எங்கே தொடங்குவது என்றால், ஓட்டுநர் அறையின் கண்ணாடியில். மற்ற எல்லாவற்றையும் கட்டை அடுக்கி உருவாக்கலாம். கண்ணாடியை அப்படி உருவாக்க முடியாது, கிடைக்கும் அச்சில் உள்ளதுதான். அதன் அகலம்தான் மூக்கின் அகலம், அதன் சாய்வுதான் முன்பக்கத்தின் சாய்வு. கண்ணாடியை மேசைமேல் வைத்துப் பின்னால் மெல்ல வளர்த்துக்கொண்டு போங்கள். உள்ளே மனித பொம்மை உட்கார வேண்டுமென்றால் அதன் உயரம் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர், நின்றால் நான்கு கட்டை. உட்கார வைத்துக் கால் மடங்குகிறதா, மூடியை மூடினால் தலை இடிக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். கடைசியில் பார்த்தால் விமானியின் தலைமுடியைக் கழற்ற வேண்டி வரும், நான் கழற்றியிருக்கிறேன்.

கலம் பாதி ஆனதும் ஒரு விரல்மேல் நிறுத்தி நிறை மையத்தைக் கண்டுபிடியுங்கள். பாரவண்டியில் மூட்டை ஏற்றுபவர்கள் முன்பாரம், பின்பாரம் பார்ப்பார்கள். இங்கேயும் அதே வேலை. எஞ்சின்களை எல்லோரும் வாலில்தான் குவிப்பார்கள், ஆகவே அநேகமாக எல்லாக் கலமும் பின்பாரம். 2×4 கட்டை ஒன்று சுமார் 2.3 கிராம். மூக்கின் உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் பத்துப் பன்னிரண்டு கட்டைகளை நிரப்பினால் மையம் கைக்கு வந்துவிடும். எஞ்சினை உள்ளீடற்றதாகக் கட்டுவது அதைவிட நல்லது.

மேற்பரப்பில் குழாய், வால்வு, கம்பி போலப் பொடிப் பாகங்களைத் தூவுவதைக் கிரீபிள் என்பார்கள். 1977இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்துக்கு மாதிரிக் கலங்கள் செய்தவர்கள் டாங்கி, போர்க்கப்பல் பொம்மைப் பெட்டிகளின் பாகங்களைப் பிய்த்து ஒட்டிய பழக்கத்திலிருந்து வந்த சொல். புதிதாகக் கட்டுகிறவர்கள் இதில் மயங்கிக் கலம் முழுவதும் தூவிவிடுகிறார்கள். கண்ணுக்கு நிற்க இடமில்லாமல் போகிறது. என் ரசனை இது: பெரிய வழவழப்பான பரப்பு, அதை வெட்டும் ஒரு பள்ளம், பொடிகள் எல்லாம் அந்தப் பள்ளத்தில். நிறத்திலும் அப்படித்தான். ஒரு நிறம் ஆள வேண்டும், ஒன்று துணை நிற்க வேண்டும், மூன்றாவது ஊறுகாய் அளவுக்கு.

நிறம் என்றதும் பழைய பாகங்கள் வாங்குபவர்களுக்கு ஒரு தகவல். 2004 வாக்கில் லெகோவின் சாம்பல் நிறம் மாறியது. பழையது சற்று மஞ்சள் சாயல், புதியது நீலச் சாயல். டியூப் லைட்டில் ஒன்றுபோலத் தெரியும், காலை வெயிலில் கலம் திட்டுத்திட்டாகப் பல்லிளிக்கும். பகலில் ஜன்னலோரம் வைத்துப் பிரித்தெடுங்கள். வெள்ளையும் சாம்பலும் வெயில் பட்டு மஞ்சளாகும். ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்து வெளுக்கலாம், அது உண்மை. அந்த வெண்மை எத்தனை நாள் நிற்கும் என்பதில் ஆளுக்கொரு கருத்து. என்னிடம் வெளுத்தவற்றில் பாதி இரண்டு ஆண்டில் மறுபடி மஞ்சளாகிவிட்டன, மீதி இன்னும் வெள்ளையாக இருக்கின்றன.

பாகங்கள். ஒவ்வொரு பாகத்தின் உள்ளேயும் பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கும். அதை வைத்தே தேட வேண்டும், பெயரை வைத்துத் தேடினால் தலைசுற்றும். ஒரு பக்கம் குமிழுள்ள 1×1 கட்டை 87087. அதே வேலையைக் குமிழை அரைத் தகடு உள்ளே தள்ளிச் செய்யும் விளக்குக் கட்டை 4070. கீழே தொங்கும் 1×2 பிராக்கெட் 99781. 1×2 தகடு 3023. இந்த நான்கிலும் கை நிறைய வைத்துக்கொள்ளுங்கள். நிறம் எதுவானாலும் பரவாயில்லை, இவை உள்ளே மறைந்துவிடும். வெளித்தோலுக்கான டைலும் சாய்வுக் கட்டையும் ஒரே நிறத்தில் வேண்டும், செலவு அங்கேதான். பழைய பாகங்களுக்குப் பிரிக்லிங்க் என்ற இணையச் சந்தை 2000 முதல் இருக்கிறது. 2019இல் லெகோ நிறுவனமே அதை வாங்கிவிட்டது. நான்கு கடையில் நான்கு பாகம் வாங்கினால் பாகத்தைவிடத் தபால் செலவு கூடும், ஆகவே பட்டியலைச் சேர்த்துவைத்து ஒரே கடையில் அதிகம் கிடைக்கும்படி பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வருவதற்குச் சுங்கமும் உண்டு. பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரியை இந்திய அரசு 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆக உயர்த்தியது, 2023இல் 70 ஆக்கியது. விகிதம் மாறிக்கொண்டிருப்பதால் வாங்கும் நாளில் பார்த்துக்கொள்ளுங்கள். நான் பெரும்பாலும் ஒரே பெட்டியில் இரண்டு பிரதி, அதுவும் விலை குறைத்து விற்கும்போது வாங்குகிறேன். கலத்தின் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்பதால் இரண்டிரண்டாகக் கிடைப்பது வசதி.

லெகோ அல்லாத கட்டைகளைக் கலக்கலாமா என்று யாராவது கேட்பார்கள். அடிப்படைக் காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது, பொருந்தும் கட்டை செய்வது சட்டப்படி குற்றமில்லை. சில நன்றாகவே இருக்கின்றன. தோலுக்குப் பயன்படுத்துங்கள், முதுகெலும்பில் வேண்டாம். என் தொழில் வழியாகச் சொல்கிறேன்: அச்சு தேயத் தேய பாகத்தின் அளவு நகரும், தேய்ந்த அச்சை மாற்றுவது செலவு பிடிக்கும் வேலை. மலிவான கட்டையில் ஒரு பெட்டி கவ்வும், அடுத்த பெட்டி நழுவும்.

கணினியில் வரைவது பற்றி. பிரிக்லிங்க் ஸ்டுடியோ இலவசம். நிறம், பாகப் பட்டியல், அரைத் தகட்டுக் கணக்கு எல்லாவற்றையும் காசு செலவில்லாமல் சோதித்துப் பார்க்கலாம். ஆனால் திரையில் எடையைக் கை உணராது. காற்றில் மிதக்கும் இறக்கை அங்கே தொங்காது. தயாரிக்கப்படாத நிறத்திலும் ஒரு பாகத்தை நீங்கள் வைத்துவிட முடியும், வாங்கப் போகும்போதுதான் அப்படி ஒன்று உலகத்திலேயே இல்லை என்று தெரியும். எலும்புக்கூட்டைக் கையால் கட்டி, தோலைக் கணினியில் வரைந்து பார்ப்பது என் வழக்கம். முதலில் முழுவதையும் திரையில் வரைந்து, பிறகு அப்படியே கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கலங்கள் என்னுடையதைவிட நன்றாகவும் இருக்கின்றன. குழந்தையோடு கட்டுவதானால் திரையைத் தள்ளிவையுங்கள்.

சில இணைப்புகளைக் கட்டுபவர்கள் சட்டவிரோதம் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள்: பாகத்தை வளைத்தோ அழுத்தத்தில் வைத்தோ மாட்டுவது. இரண்டு குமிழுக்கு நடுவே தகட்டைச் செங்குத்தாகச் செருகுவது அதில் பிரபலமானது. கணக்குப்படி குமிழின் விட்டம் 4.8 போக இடைவெளி 3.2, தகடும் 3.2, காகிதத்தில் பொருந்துகிறது, கையில் இறுகுகிறது. கட்டைகள் வார்க்கப்படும் ஏபிஎஸ் பிளாஸ்டிக் இந்த அழுத்தத்தை அன்றே காட்டாது. சில மாதம் கழித்து மெல்லிய வெள்ளைக் கோடாக விரிசல் தெரியும். பசை போட்டு ஒட்டலாமா என்றால், பெரிய பூங்காக்களில் நிற்கும் மாதிரிகளை ஒட்டித்தான் வைத்திருக்கிறார்கள். வீட்டில் ஒட்டினால் அடுத்த கலத்துக்குப் பாகம் இருக்காது.

மோட்டார், விளக்கு, ஓசை ஆகியவற்றை நான் கலங்களில் வைத்ததில்லை. அதை வைத்துக் கட்டியவர் யாராவது கீழே எழுதினால் நானும் படித்துக்கொள்கிறேன். நூறு குமிழ், அதாவது 80 சென்டிமீட்டருக்கு மேல் போனால்தான் அதைக் கப்பல் என்று ஒத்துக்கொள்ளும் ஒரு கூட்டம் உலகெங்கும் இருக்கிறது; செப்டம்பர் மாதம் முழுவதும் அப்படி ஒன்றைக் கட்டி முடிப்பதை ஷிப்டெம்பர் என்று கொண்டாடுகிறார்கள். நான் இரண்டு முறை கட்டியிருக்கிறேன், இரண்டு முறையும் அக்டோபரில்தான் முடித்தேன்.

இந்த வாரம் எதுவும் வாங்க வேண்டாம். கையில் இருப்பதை வைத்து, நிறம் பார்க்காமல், முதுகெலும்பு மட்டும் கட்டுங்கள்: 25 சென்டிமீட்டர், இரண்டு குமிழ் அகலம், அடியிலும் மேலேயும் தகடு. மகளிடம் கொடுத்து அறை முழுவதும் பறக்கவிடச் சொல்லுங்கள். எங்கே கழல்கிறதோ அங்கே தகட்டை மாற்றிப் போட்டு மறுபடி கொடுங்கள். மூன்று நான்கு சுற்றில் நின்றுவிடும். அதன் படத்தை இங்கே போட்டால் தோல் போர்த்துவது பற்றி மேலே பேசலாம். படம் எடுக்கும்போது அடிப்பக்கத்தையும் ஒன்று எடுங்கள். மேல்பக்கத்தை மட்டும் பார்த்து என்னால் ஒன்றும் சொல்ல முடியாது.